பகல் கட்டில்

அந்த அறையில் கட்டில் ஒன்றுதான். பகலில் அது அக்காவின் கணவரான மாமாவுடையது, இரவில் தம்பியுடையது. மாமாவுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. வெயில் தாழப் போனால் மறுநாள் காலையில், முடியெல்லாம் மாவும் கண்ணெல்லாம் அடுப்புச் சிவப்புமாகத் திரும்புவார். அக்காவுக்குப் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் பகல் வேலை. ஈரத்துணி தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போனதால் அவளுக்குத் தரைதான் ஒத்துக்கொள்ளும். தம்பி காலேஜில் படிக்கிறான். காலேஜ் நடந்தவரை இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை. அவன் பையோடு படி இறங்கும் நேரம் மாமா படி ஏறுவார். இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோளை ஒதுக்கிக்கொள்வார்கள். உறவு அந்த மட்டில் நன்றாகவே இருந்தது.

கோடை விடுமுறை வந்து அதைக் கெடுத்தது.

முதல் நாள் அவன் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினான். மாமா வந்து கட்டில் காலை உதைத்தார்.

"எந்திரி தொரை. உன் ஷிப்ட் முடிஞ்சுது."

"இன்னிலேர்ந்து லீவு மாமா."

"உனக்குத்தானே லீவு? என் கண்ணுக்கு யாரு லீவு குடுத்தா?"

"நான் கீழ உக்காந்து படிக்கிறேன். சத்தமே போடமாட்டேன்."

"நீ மூச்சு விடறதே எனக்குச் சத்தம்தான். தலகாணிய எடுத்துப் பாரு, உன் மண்டை எண்ணெய் எவ்வளவு குடிச்சிருக்குன்னு. அதுமேல தலைய வச்சு நான் தூங்கணும். எந்திரி."

இரவில் தூங்குகிறவர்களுக்குத் தூக்கம் தானாக வரும். பகலில் தூங்குகிறவன் அதைக் கழுத்தில் கயிறு போட்டு இழுத்துவர வேண்டும். ஜன்னலுக்கு அட்டை அடித்து, காதில் பஞ்சு வைத்து, ஈரத் துண்டைக் கண்மேல் போட்டுக்கொண்டு படுத்தாலும், பக்கத்தில் ஒருத்தன் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினால் போதும், கயிறு அறுந்துவிடும். மாமாவோடு வேலை பார்த்த ஒருவர் தூங்காமல் போய் அடுப்பின் முன் கண் சொருகி, முழங்கை வரை வெந்துபோனார். அதைப் பார்த்த நாளிலிருந்து மாமா தூக்கத்தைச் சோற்றைவிடப் பெரிதாக நினைத்தார். இதெல்லாம் தம்பிக்குத் தெரியும். ஆனால் ஒருவரை வெறுக்க ஆரம்பித்துவிட்டால், அவருடைய கஷ்டமும் ஒரு திமிராகத்தான் தெரியும்.

அக்கா சமாதானம் பேசினாள்.

"பகல்ல வெளிய சுத்திட்டு வாடா. காலேஜ் பசங்கன்னா ஊரு சுத்தறதுதானே? நானா இருந்தா பறந்திருப்பேன்."

"சுத்தறது வேற, தொரத்தி விடறது வேறக்கா."

"வாய மூடு. இன்னும் ஒரு வருஷம். படிப்ப முடிச்சுட்டு அரண்மனை கட்டிக்கோ, யாரு வேணாம்னா?"

அந்த ஒரு வருஷம்தான் விஷயம். ஹாஸ்டலில் இடம் இல்லை என்று எழுதி ஒட்டிவிட்டார்கள். அம்மா அப்பா இருக்கும் இடத்தில் காலேஜே இல்லை. இந்த அறை போனால் கடைசி வருஷமும் போகும்.

அதனால் அவன் ஊர் சுற்றினான். காலையில் முதல் ஆளாகப் பேருந்து நிறுத்தத்தில் நிற்பான். நண்பர்கள் இரண்டு பேர். ஒருவன் ஒல்லி, இன்னொருவன் சவுண்டு. ஏரிக்குப் போனார்கள், மிருகக்காட்சி சாலைக்குப் போனார்கள், காலைக் காட்சி படம் பார்த்தார்கள். எங்கே போனாலும் "கிளம்பலாமா?" என்று கடைசிவரை கேட்காதவன் அவன்தான்.

"இவன்தான்டா வாழத் தெரிஞ்சவன்," என்றான் சவுண்டு. "வீட்டுல ஒரு கேள்வி கிடையாது. எங்கம்மா ஒரு மணி நேரத்துக்கு மூணு போன் போடுது."

"குடுத்து வச்சவன்," என்றான் ஒல்லி.

அவன் சிரித்துவைத்தான். இவர்களுக்கு மூஞ்சியில் ஒரு குத்து விட்டால் எப்படி இருக்கும் என்று சிரிக்கும்போதே யோசித்தான். இருவர் வீட்டிலும் ஆளுக்கொரு அறை இருந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, அந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டு, சாயங்காலம்தான் மறுபடி வெளியே வருவார்கள். அந்த இடைப்பட்ட வெயிலில் அவன் மாலுக்குள் போய் உட்கார்ந்திருப்பான். குளிர்ந்த காற்று வரும் துளைக்கு நேர் கீழே ஒரு பெஞ்சு. செக்யூரிட்டி அவனைக் கண்டுபிடித்துவிட்டார்.

"தம்பி, தினம் வர்றீங்க. என்ன வாங்கறீங்க?"

"பார்த்துட்டிருக்கேன்."

"பெஞ்சையா? அது விக்கறதில்ல. எந்திரிங்க."

வெளியே தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுத்தது. தலைவலி தாங்காமல் ஒரு மத்தியானம் அறைக்குத் திரும்பி, இருட்டில் மாத்திரை தேடி, தெரியாத்தனமாக விளக்கைப் போட்டுவிட்டான். மாமா எழுந்து உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த டம்ளர் அவன் காதை ஒட்டிப் போய்ச் சுவரில் மோதியது.

அன்று வேலைக்குக் கிளம்பும் முன் அவர், வேலை முடிந்து வந்துகொண்டிருந்த அக்காவுக்குப் போன் போட்டு, அவன் காதுபடவே சொன்னார். "இன்னொரு தடவை உன் தம்பியால என் தூக்கமோ வேலையோ கெட்டுது, அவன் மூட்டையக் கட்டிரு. நீ கட்டலன்னா நான் கட்டறேன். அப்பறம் எந்த மூட்டை யாருதுன்னு பார்க்கமாட்டேன்."

அதற்குப் பிறகு மாமா அவனோடு நேரில் பேசவில்லை. அவர் போன் வந்தாலும் அவன் எடுப்பதில்லை. எடுத்தால் வசவுதான்.

இதற்கு நடுவில் மாமாவுக்கு ஒரு நல்லது நடக்க இருந்தது. பல வருஷமாகக் கேட்டுக் கேட்டு, அடுப்புப் பக்கத்திலிருந்து பேக்கிங் பக்கத்துக்கு மாற்றம் கிடைத்திருந்தது. அங்கே ரொட்டி ஆறிய பிறகுதான் வரும். மின்விசிறி உண்டு, உட்காரலாம். அந்த இடத்துக்குப் பலபேர் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்கள். திங்கட்கிழமை சாயங்காலம் சேர வேண்டும். அக்கா அதைத் தம்பியிடம் சொல்லும்போது சின்னப் பெண்போலச் சிரித்தாள். "வெயில் முத்தறதுக்கு முன்னாடியே குடுத்துட்டாங்கடா. இந்த வருஷம் மனுஷன் வேகாம இருப்பாரு."

திங்கட்கிழமை காலையில் அக்கா வேலைக்குப் போனபின் தம்பி துண்டோடு நடைக்கோடியில் இருந்த பொதுக் குளியலறைக்குப் போனான். அன்றைக்குப் பார்த்து மாவு இயந்திரம் நின்றுபோய், மாமா சீக்கிரமே வந்துவிட்டார். கதவு திறந்தே கிடந்தது. கட்டிலில் அவன் படுக்கை சுருட்டாமல் கிடந்தது. அதைத் தொடக்கூடப் பிடிக்காமல், கட்டிலுக்கு அந்தப் பக்கம், சுவரோரமாகச் சிமெண்டுத் தரையில் துண்டை விரித்தார். தரை குளுகுளுவென்று இருந்தது. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு கண்ணை மூடினார். சாயங்காலப் புது வேலைக்கு நன்றாகத் தூங்கி எழ வேண்டும் என்பது ஒன்றுதான் அவருக்கு நினைப்பு.

தம்பி திரும்பி வந்தபோது கீழே ஒல்லியின் பைக் கத்திக்கொண்டிருந்தது. நீச்சல் குளம் திறந்து முதல் நாள். கதவருகே ஆணியில் தொங்கிய சட்டையை மாட்டி, பையை எடுத்து, இருட்டு அறைக்குள் தலையைக்கூட நீட்டாமல் கதவை இழுத்துப் பூட்டினான். அந்தக் கட்டடத்தில் ஒருமுறை திருட்டு நடந்ததிலிருந்து, வெளியே போகிறவர் பூட்டிவிட்டுப் போக வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். மூன்று பேருக்கும் ஆளுக்கொரு சாவி. ஆனால் மாமாவின் சாவி அன்றைக்குத் தொழிற்சாலைப் பெட்டியிலேயே மறந்து கிடந்தது.

குளம் நிறைய ஆள். தண்ணீரில் மருந்து வாடை. அவன் கழுத்தளவு தண்ணீரில் நின்று, இன்றைக்குச் சாயங்காலம் வரை யாரும் 'எந்திரி' என்று விரட்டமாட்டார்கள் என்று நிம்மதியாக இருந்தான். மத்தியானத்துக்கு மேல் கரையேறித் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மாமா.

"எடுடா," என்றான் ஒல்லி.

"வேற வேலை இல்ல. நான் எங்கயோ நல்லா இருக்கேன்னு மோப்பம் புடிச்சிருப்பாரு."

திரும்பத் திரும்ப அடித்தது. சவுண்டு போனைப் பிடுங்கிப் பார்த்துச் சிரித்தான். "மாமாவா, மாமியாரா? இந்தப் போடு போடுறாரு!" தம்பி போனை வாங்கிச் சத்தத்தை அணைத்து, ஈரத் துண்டுக்குள் சுருட்டி வைத்துவிட்டு மறுபடி தண்ணீரில் குதித்தான்.

அக்காவுக்கும் போன் போயிருந்தது. சலவைக் கூடத்தில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

சாயங்காலம் அவன் படி ஏறும்போதே எதிர் அறைத் தையல்காரம்மா நடையில் நின்றிருந்தார். அவனைப் பார்த்ததும் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை உருவிக் கையில் சுற்றிக்கொண்டார், அடிக்கப் போகிறவர் மாதிரி.

"வாப்பா காலேஜு. குளிச்சியா? ஜில்லுன்னு இருந்துதா?"

"என்னம்மா ஆச்சு?"

"ஒரு மனுஷன உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போயிருக்கே. மத்தியானம் கரண்டும் போச்சு. ஒண்ணுக்குப் போக வழியில்லாம அந்த ஆளு கத்துனது கீழ்த்தெரு வரைக்கும் கேட்டுது. பூட்ட உடைக்கப் பார்த்து முடியாம, நடைப்பக்க ஜன்னல் கம்பி வழியா நான்தான் தண்ணி குடுத்தேன். என்ன ஜென்மம்ப்பா நீ?"

அறைக்குக் கதவு இல்லை. கீலைக் கழற்றி, கதவை அப்படியே பெயர்த்து நடைச் சுவரில் சாய்த்திருந்தது. பூட்டு பூட்டியபடியே, வளைந்த கொண்டியோடு அதில் தொங்கியது. பழைய பெயிண்ட் மூடிப்போன திருகுகள் ஒவ்வொன்றையும் சோற்றுக் கரண்டியின் காம்பால் சுரண்டித் திருப்பியிருக்கிறார். விரல் நகங்களில் இரத்தம் காய்ந்திருந்தது. வேலைக்குப் போகும் சட்டையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் அட்டையும் கிழிந்து கிடந்தது. அந்த அறை அவ்வளவு வெளிச்சமாக இருந்து தம்பி பார்த்ததில்லை.

"தெரியாது மாமா. சத்தியமா நீங்க வந்தது தெரியாது."

அதற்குள் அக்கா வந்துவிட்டாள். சலவைக் கூட வாசலில் போனை வாங்கிப் பார்த்துவிட்டு ஓடியே வந்திருக்கிறாள், மூச்சு இரைத்தது. ஒருவர் முகத்தை மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தாள்.

"வேலைக்குப் போகலயாங்க?"

"போனேன். கேட்டைச் சாத்திட்டான். முதல் நாளே நேரத்துக்கு வரலன்னு பேக்கிங்ல வேற ஆளைப் போட்டாச்சாம். நாளையிலேர்ந்து மறுபடி அடுப்புதான்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு வேகமாகப் பேசினாள். "அவன் தெரியாமதாங்க பண்ணிட்டான். நீங்க வழக்கமா கட்டில்லதானே படுப்பீங்க? இருட்டுல என்ன தெரியும்? சின்னப் பையன், அவசரத்துல பூட்டிட்டுப் போயிட்டான். டேய், கால்ல விழுடா. விழு!"

"போன் போட்டேனே," என்றார் மாமா. சத்தமே போடவில்லை. "அதுவும் தெரியாமத்தான் எடுக்கலயா?"

தம்பி பையிலிருந்த போனைத் தடவிப் பார்த்தான்.

"எடுத்தா திட்டுவீங்கன்னு..."

"பாத்தியாடி? வேணும்னே பூட்டியிருந்தான்னு வையி, சரி, என்னைய ஒரு எதிரியா மதிச்சான்னு விட்டிருவேன். இவனுக்கு நான் கட்டிலுக்கு அடியில கெடக்கிற பழைய செருப்பு. இருக்கா இல்லயான்னுகூடக் குனிஞ்சு பார்க்கமாட்டான். கேட்டா காலேஜு. வேகறது நானு, அந்தக் கட்டில்ல படுத்துப் படிச்சு இவன் பெரிய ஆளாவான். எவன் ஊட்டு ரொட்டிடா நீ திங்கிற, தண்டம்?"

நடையில் தையல்காரம்மாவோடு இன்னும் இரண்டு பேர் சேர்ந்திருந்தார்கள். கதவு இல்லாததால் எல்லாம் அவர்களுக்குத் தெளிவாகக் கேட்டது. யாரோ சிரித்த மாதிரி இருந்தது. தம்பியின் காது மடல் கொதித்தது. காலில் விழுந்திருந்தால் அன்றைக்கு அது முடிந்திருக்கும். அக்காவின் கண் அதைத்தான் கெஞ்சியது.

"ஆமா," என்றான். "வேணும்னேதான் பூட்டினேன். நீ உள்ள இருந்தது தெரியும். என்னா இப்ப?"

மாமாவை அவன் 'நீ' என்றது அதுதான் முதல் தடவை. அது பொய் என்று மாமாவுக்கே ஒரு நொடியில் புரிந்துவிட்டது. அவர் வாய் கோணியது. ஆனால் அக்காவுக்குப் புரியவில்லை. அவள் இத்தனை நேரம் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கிளையை அவன் அடியோடு வெட்டிவிட்டான்.

அவள் அழவில்லை. கொடியிலிருந்து அவன் துணிகளை உருவினாள், மடித்தாள். ஆஸ்பத்திரித் துணியை மடிக்கிற அதே வேகம், அதே மடிப்பு. புத்தகங்களைத் தனியாகக் கட்டினாள்.

"அக்கா..."

"பேசாத."

"அக்கா, காலேஜு..."

"அத இப்ப நெனச்சியா? மனுஷன் உள்ள இருக்காருன்னு தெரிஞ்சே பூட்டினவன் கூட நான் எப்பிடிடா ஒரே ரூம்ல ராத்திரி தூங்குவேன்?"

இல்லை என்று சொல்லலாம்தான். ஆனால் நடையில் இருந்த கண்களுக்கு முன்னால், மாமாவின் கோணல் சிரிப்புக்கு முன்னால், அதைச் சொல்ல அவன் வீம்பு விடவில்லை. மாமாவும் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் பையன் தங்கிவிடுவான்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் வெளியே வந்தான். பின்னாலிருந்து மாமா கூப்பிட்டார்.

"டேய் தொரை. கதவ ஒருத்தனா மாட்ட முடியாது. வெளிய நின்னு புடி."

போயிருக்கலாம். ஆனால் அக்கா இரவில் கதவில்லாத அறையில் எப்படிப் படுப்பாள்? பையை இறக்கி வைத்தான். இருவரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக் கதவை நிலையில் நிறுத்தினார்கள். மாமா உள்ளே, அவன் நடையில். அவன் பிடியைத் தன் பக்கம் இழுத்து அழுத்திக்கொள்ள, உள்ளே திருகுகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டு இறங்கின.

"மேல தூக்கு. இன்னும். சோறு திங்கல?"

"தூக்கித்தான் புடிச்சிருக்கேன்."

"கிழிச்ச. ஆட்டாத."

கடைசித் திருகும் இறங்கியது. கதவு தன் எடையைத் தானே தாங்கிக்கொண்டதை அவன் கைகள் உணர்ந்தன. பிடியை விட்டான். உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.