ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு படகு

"பிள்ளைக்கு எத்தினை வயசு, ஐயா?" என்று கடைக்காரன் கேட்டான்.

"ஆறு," என்றார் என் கணவர். யோசிக்கவே இல்லை.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமாகிப் பத்து வருடத்துக்கு மேலாகியிருந்தது.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருடத்து கொழும்பு ஆடிவேல் திருவிழா அது. வேல் ரதம் வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்திருந்தது. காலி வீதியின் இரு பக்கமும் கரும்புக் கட்டுகளும் மஸ்கட் அல்வாத் தட்டுகளும் வளையல் கடைகளும் நிறைந்திருந்தன. அவர் எதையும் பார்க்காமல் நேரே விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனார். இந்த முறை ஜப்பான் தகரப் படகு. உள்ளே ஒரு சின்னத் திரிவிளக்கு. அதை ஏற்றினால் தண்ணீர் சூடாகி, படகு டப டபவென்று தானே ஓடும்.

வீட்டுக்கு வந்ததும் அதை அலுமாரியின் மேல் தட்டில் வைத்துப் பூட்டினார். அங்கே முந்திய வருடங்களின் சாமான்கள் இருந்தன: மேளம் அடிக்கும் குரங்கு, கொத்தும் கோழி, ஊதினால் சுழலும் சக்கரம். கோட்டையில் ஒரு கந்தோரில் தலைமைக் கிளாக்கர் அவர். நமசிவாயம் என்று பெயரைச் சொன்னாலே கீழே உள்ளவர்கள் கதிரையில் நிமிர்ந்து இருப்பார்களாம். அப்படிப்பட்டவர் அந்தத் தட்டைப் பூட்டும்போது மட்டும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. நானும் கேட்டதில்லை.

கேட்காததற்குக் காரணம் இருந்தது. முதல் சில வருடங்கள் நானும் அழுதேன், விரதம் இருந்தேன். பிறகு ஒருநாள் காலை, தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கையில், எனக்குள் அந்தத் துக்கம் இல்லை என்பதைக் கண்டேன். தேடிப் பார்த்தும் இல்லை. நாங்கள் இருவர் மட்டும் இருக்கும் வீடு எனக்குப் பிடித்திருந்தது. பின்னேரங்களில் ரயில் பாதையைக் கடந்து கடற்கரைக்குப் போவது, அவர் பேப்பரை உரக்க வாசிக்க நான் மரக்கறி வெட்டுவது, எல்லாம் போதுமாக இருந்தது. ஆனால் அவர் அந்தத் தட்டைப் பூட்டும்போதெல்லாம் என் சந்தோஷம் களவெடுத்த பொருள்போல எனக்குத் தோன்றும். அவர் துக்கப்படும் வீட்டில் நான் எப்படி நிறைவாக இருக்கலாம்?

அடுத்த சனிக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அங்கேதான் அவருடைய தமக்கை அன்னபாக்கியம் மச்சாள் இருக்கிறார். மச்சாளின் புருஷனுக்குச் சுருட்டுக் கடை; ஐந்து பிள்ளைகள். கடைசி மகள் பவளத்துக்கு மூன்று வயது. அவள் தாயின் மடியில் இருந்து கற்கண்டு சூப்பிக்கொண்டிருந்தாள்.

"இந்த முறையும் வாங்கினவனோ?" என்று மச்சாள் கேட்டார்.

"ஓம் மச்சாள். படகு."

"அது நேர்த்தியடி கௌரி. நான் எப்பவோ பிடிச்சிட்டன். பிள்ளை கிடைக்குமட்டும் வேலுக்கு வேல் ஒரு சாமான் வாங்கி வைக்கிறனெண்டு முருகனுக்கு நேர்ந்திருக்கிறான். வாயைத் திறந்து சொல்லுவானோ? சின்னனிலை காய்ச்சல் வந்தாலும் சொல்லமாட்டான், மூதேவி."

நேர்த்தி நிறைவேறும் வரைக்கும் அதை வெளியே சொல்வது எங்களில் வழக்கம் இல்லை. அடுத்தவரின் நேர்த்தியைப் பற்றிக் கேட்பதும் கூடாது. எல்லாம் பொருந்தி வந்தது. ஆறு வயது என்று அவர் சொன்னதும் பொருந்தியது. மனதுக்குள்ளே ஒரு பிள்ளையை வளர்த்துக்கொண்டிருக்கிறார்.

"பவளத்தைக் கொண்டுபோய் உங்கட பிள்ளையா வைச்சிருங்கோ," என்றார் மச்சாள் திடீரென்று. "என்ர தம்பியின்ர வீடுதானே. வெள்ளவத்தை என்ன சீமையிலையோ கிடக்கு?"

"நாளைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு வாறன் மச்சாள்," என்று மட்டும் சொன்னேன்.

பொழுதுபட வருவேன் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். ஆனால் அங்கே இருக்க முடியவில்லை. சாப்பிட்டதும் புறப்பட்டுவிட்டேன். ரயிலில் கடல் பக்கமாக இருந்து, 'பவளத்தை எடுப்பம்' என்று சொல்லிப் பழகினேன். குரல் நடுங்காமல் சொல்ல வேண்டும். மனம் நிறைந்து சொல்வதுபோலச் சொல்ல வேண்டும். பவளம் நல்ல பிள்ளை. அவளை எனக்குப் பிடிக்கும். ஆனால் தாயின் மடியில் இருந்தவளைப் பிடுங்கிக்கொண்டு வந்து, என் வீட்டையும் வேறொரு வீடாக்கி, இதெல்லாம் ஒருவரின் துக்கத்துக்கு மருந்து என்று நான் சிரிக்க வேண்டும். பம்பலப்பிட்டியில் ரயில் நின்றபோது இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். எங்கே திரும்புவது?

முன் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. வேலியோரமாகப் பின்பக்கம் போனேன். கிணற்றடியில் பேச்சுக் குரல் கேட்டது.

"மிஸ்டர் நமசிவாயம், கள்ளம் வாணாம்! நீங்க ஊதுறீங்க!"

"ஆர் ஊதினது? மனுசன் மூச்சு விடுறதும் குற்றமோ?"

"மூச்ச அந்தப் பக்கம் திரும்பி விடுங்க!"

சீமெந்துத் தொட்டியின் ஓரத்தில் என் கணவரும் பக்கத்து வீட்டு ஜாபிர் நானாவும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்காலில் நின்றார்கள். ஜாபிர் நானா புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருப்பவர், தாடி நரைத்தவர். தொட்டிக்குள் இரண்டு தகரப் படகுகள் டப டபவென்று புகை விட்டபடி ஓடின. என் கணவரின் மூக்கு நுனியில் கரி. அவர் இரண்டு கையாலும் தொட்டியை அடித்து, "வா, வா, வா," என்று தன் படகைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஜாபிர் நானாதான் என்னை முதலில் கண்டார். பதறி எழுந்து, தன் படகைப் பிடித்து, கை சுட்டு, "அல்லாஹ்!" என்று மறுபடி தண்ணீரில் போட்டார்.

"தங்கச்சி, தப்பா நெனைக்க வாணாம். இது எண்ட படகு. ஊட்டுல ஏழு புள்ளைகள் ஈக்கு. அங்க வெச்சா ஒரு நாளைக்குத் தாங்காது. அதான் ஒங்கட அலுமாரியில. அந்தக் கொரங்கும் எண்டதுதான்."

ஏழு பிள்ளைகள் உள்ள மனிதர். தன் பிள்ளைகளுக்கு ஒளித்து, ஒரு குரங்குப் பொம்மையை எங்கள் அலுமாரியில் வைத்திருக்கிறார். அதை நான் மெல்ல விளங்கிக்கொண்டேன். அவர் வேலிப் பொட்டால் நுழைந்து போகையில், "தண்ணிய நல்லா வடிச்சிட்டு வைங்க, துரு புடிக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் உடுப்புத் தோய்க்கும் கல்லில் இருந்தேன்.

"இஞ்சாருங்கோ, இது நேர்த்தி இல்லையோ?"

"என்ன நேர்த்தி?"

சொன்னேன். மச்சாள் சொன்னதையும் பவளத்தையும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப ஏன் கடைக்காரனுக்கு ஆறு வயசெண்டு சொன்னனீங்கள்?" என்றேன்.

"பின்னை? நாப்பத்தொண்டு எண்டு சொல்லுறதோ? சிரிப்பான்."

"பிள்ளை இல்லையெண்டு உங்களுக்குக் கவலை இல்லையோ?"

அவர் படகின் வயிற்றைச் சாரத்து நுனியால் துடைத்தார். "இருந்தது. முதலிலை சரியான கவலை. பிறகு எப்ப போனதெண்டு தெரியேல்லை. உமக்கு இருக்குமெண்டுதான் நான் கதைக்கிறேல்லை. இதுகளைக் கண்டா நீர் அழுவீரெண்டு பூட்டி வைக்கிறனான்."

"எனக்கும் இல்லை," என்றேன்.

அவ்வளவுதான் வார்த்தை. அதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடங்கள் ஆயின. மழையில் நனைந்த சேலையை மாற்றி உலர்ந்ததை உடுத்தியதுபோல இருந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு சிரித்தார். மூக்கில் கரியோடு அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குக் கண்ணீரும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"ஒருக்கா நான் விட்டுப் பாக்கட்டோ?"

அவர் படகைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கொடுக்க மனமில்லை என்பது நன்றாகவே தெரிந்தது. "விடும். ஆனா திரியை இழுக்கக்கூடாது," என்று சொல்லிக் கொடுத்தார். கொடுத்துவிட்டுக் கையை என் கைக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் புறப்படும்போது, பவளத்துக்குக் கோழியைக் கொண்டுபோவோமே என்றேன். அவர் அதை எடுத்து, சாவி முறுக்கி, இரண்டு கொத்துக் கொத்தவிட்டு, திரும்பவும் தட்டில் வைத்தார். "கடையிலை ஒரு பந்து வாங்குவம்," என்றார்.

மச்சாள் பவளத்துக்குச் சீப்பால் தலை இழுத்து, பூச்சட்டை போட்டு, முன்னறையில் இருத்தியிருந்தார். என் கணவர் செருப்பைக் கழற்றும் முன்பே சொல்லிவிட்டார்: "அக்கா, பவளம் உங்களிட்டையே இருக்கட்டும். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை."

"அப்ப அந்த நேர்த்தி?"

"நேர்த்தியும் இல்லை, ஒண்டும் இல்லை. நான் விளையாடத்தான் வாங்கிறனான்."

மச்சாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். "வெக்கங்கெட்டவனே! நாப்பது வயசுக் கழுதை! கந்தோரிலை கையெழுத்துப் போடுறவன்! நான் இரா முழுக்கக் கண் மூடேல்லை தெரியுமோ?" திட்டிக்கொண்டே பவளத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தார், திட்டிக்கொண்டே குசினிக்குப் போனார். அங்கே திட்டு நின்றது. மூக்கைச் சீறும் சத்தம் கேட்டது. பிறகு, "நீ ஒரிடமும் போகேல்லை, என்ர குஞ்சு, ஒரிடமும் போகேல்லை," என்று மெல்லிய குரல்.

சற்று நேரத்தில் தோசையோடு வந்தார். கண் சிவந்திருந்தது. நெய்ப் பேணியும் கையில் இருந்தது. மச்சாள் விருந்தினருக்கு நெய் விட்டு நான் அதுவரை கண்டதில்லை. தம்பியின் தட்டில் விட்டார். என் தட்டில் விட்டார். ஒரு கணம் நின்று யோசித்து, என் தட்டில் இன்னொரு முறை விட்டார்.