ஏழாம் பக்கத்துப் பிள்ளைகள்

...நாலு வரி, மூன்று மணிக்குள் நாலே வரி, இருபத்தாறு வருடமாக ஊரார் எழுதுவதைத் திருத்திச் சம்பளம் வாங்குகிற ஊ சான் லினுக்குத் தன் மகளைப் பற்றி நாலு வரி வரவில்லை என்றால் யாராவது நம்புவார்களா, அதுவும் அரசாங்கப் பத்திரிகையின் ஏழாம் பக்கத்துக்குப் பொறுப்பானவருக்கு, தொலைந்துபோன அடையாள அட்டை, விற்பனைக்குப் படகு, அப்புறம் இந்தச் சிப்பாய்கள் நாட்டைப் பிடித்த நாள் முதலாகப் பக்கத்தை முக்கால்வாசி விழுங்கிவிட்ட விலக்கல் அறிவிப்புகள்... 'பெற்றோர் சொல் கேளாமல் பலமுறை மனம் நோகச் செய்தமையால் இன்று முதல் எங்கள் மகன் அல்ல, அவனது செயல்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல.' வாசகம் அவர் செய்து கொடுத்தது, பிள்ளை காட்டுக்குப் போய்த் துப்பாக்கி எடுத்துவிட்டது என்று வருகிற தாய் தகப்பன்மார் அழுதுகொண்டே கண்டதையும் எழுதிவிடுகிறார்கள், ஒருத்தி கடைசியில் 'குளிருக்குப் போர்த்திக்கொள்' என்று சேர்த்திருந்தாள், விலக்குகிற பிள்ளைக்குப் போர்வை எதற்கு அம்மா, சிவப்பு மையால் அடித்தார், அடித்த கை இதோ இந்தக் கைதான், இப்போது காகிதத்தின் மேல் செத்த பல்லி மாதிரி கிடக்கிறது.

காலையில் தட்டச்சு செய்கிற மா சபே, வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "இன்னிக்கு எத்தன பிள்ளை, சயா?" என்றாள், ஆபீசில் எல்லோருக்கும் அவர் சயாதான், ஐயா மாதிரி, தினமும் கேட்பதுதான், மீன்காரியிடம் எத்தனை கூடை என்று கேட்பது மாதிரி, பதினொன்று என்றார், பன்னிரண்டு என்று சொல்லவில்லை, பன்னிரண்டாவது அவர் சட்டைப்பையில் எழுதப்படாமல் இருந்தது. நேற்று வார்டு அதிகாரி வாசல்வரை வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடி சொல்லிவிட்டுப் போனார், "பொண்ணு எங்கன்னு நான் கேக்கல. நாளன்னைக்குப் பேப்பர்ல வந்துட்டா கேக்கவும் மாட்டேன். வரலேன்னா வீட்டுக்கு சீல், உங்க சம்சாரம் விசாரணைக்கு." மரியாதையான மனுஷன், குரலைக்கூட உயர்த்தவில்லை. விசாரணைக்குப் போன எதிர்வீட்டுப் பெண்மணியைத் திருப்பிக் கொண்டுவந்தபோது முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள்... போடுங்கள் என்றாள் மனைவி, அரிசி களைந்துகொண்டே, முதுகைக் காட்டியபடி, ஊருக்கெல்லாம் ஊ ஆகிவிட்டவர் அவளுக்கு மட்டும் இன்னும் இளவயதுக் கோதான். "ஆனா சொல் கேளாதவள்னு மட்டும் போடாதீங்க, கோ சான் லின். அவ கேட்டா. நீங்க சொன்னத அவ ஒருத்திதான் கேட்டா."

என்ன சொன்னேன், ஒன்றும் சொல்லவில்லையே, சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் வேடிக்கை, அவ்வளவுதான், முதல் பக்கத்துச் செய்தியை மடித்துக்கொண்டு வந்து மூச்சுவிடாமல் வாசிப்பார், இன்றுகூடப் பாருங்கள், தளபதியின் பதவிகளும் பட்டங்களும் மூன்றரை வரி, ஒரு பட்டத்தில் ஒரு கொம்பு குறைந்தால் வேலை போய்விடும் என்பதால் இரண்டு பேர் உரக்கப் படித்துச் சரிபார்க்கிறார்கள், அத்தனை பட்டங்களும் சேர்ந்து கடைசியில் அரை வரியில் என்ன செய்தன என்றால் உளுந்து வயலைப் பார்வையிட்டன. மகள் தின்ஸாருக்கு எட்டு வயதில் சிரித்துச் சிரித்துச் சோறு மூக்கில் ஏறும், அப்போது வேறொரு தளபதி, பட்டங்கள் கொஞ்சம் குறைவு, 'அப்பா இன்னொரு தடவ, அப்பா இன்னொரு தடவ'... சிரித்தால் போதும் என்று அவர் நினைத்திருந்தார், சிரித்துவிட்டுக் கை கழுவி மறுநாள் அதே பட்டங்களைச் சரிபார்க்கப் போய்விடலாம் என்று, அவளுக்கு அந்த இரண்டாம் பாகம் தெரியவில்லை, சிரித்துவிட்டுப் போனவள் போனவள்தான். இப்போது கருவாட்டு வியாபாரி மாதிரி, கூடைக்கு அடியில் காட்டிலிருக்கிற பிள்ளைகளுக்கு மருந்து, பகோ சாலையில் போகிறாள் வருகிறாள், ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் சொந்த அட்டையைத்தான் நீட்டுகிறாள் என்று போன மாதம் ஒருவர் வந்து காதில் சொன்னார், யாரும் சந்தேகப்படவில்லையாம், தெருவுக்கு நாலு தின்ஸார் இருக்கிற ஊரில் யார் சந்தேகப்படுவார்கள்.

அதுதான், அங்கேதான்... குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாத நாடு, பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எந்தத் தின்ஸார் என்று எப்படிச் சொல்வது, இரண்டு வருடம் முன்பு எவனோ விலக்கிய மகளுக்குப் பதிலாக அதே பெயருள்ள ஒரு இறால்காரரின் மகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள், அந்த மனுஷன் இந்த மேஜையின் மேல் தலையை வைத்துக்கொண்டு கிடந்தார், அன்றைக்கு ஊ சான் லின் ஒரு நல்ல காரியம் செய்தார், அறிவிப்போடு அடையாள அட்டை எண்ணும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏற்கப்படாது, அவரே எழுதி, அவரே கையெழுத்திட்டு, அதோ சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. பிழையில்லாத பக்கம், அதில் ஒரு சின்னப் பெருமைகூட. இன்று பத்து மணிக்குப் பத்திரிகை ஆசிரியர் தேநீரோடு வந்தார், பீரங்கிப் படையிலிருந்து நேராக இலக்கியத்துக்கு வந்தவர், முகமெல்லாம் மலர்ச்சி.

"நம்ம பேப்பர எவனும் படிக்கிறதில்லன்னு வெளிநாட்டான் எழுதறானே, சயா, பகோ சாவடியில போய்ப் பாக்கச் சொல்லுங்க. உங்க ஏழாம் பக்கத்த வெட்டிப் பலகையில ஒட்டியிருக்கான். வர்றவன் அட்டைய வாங்கி ஒண்ணொண்ணா ஒத்துப் பாக்குறான். பேரப் பாக்கவே வேண்டாம், நம்பர் இருக்கறதுதான் வசதின்னு மேஜரே சொல்லிட்டார்."

இருபத்தாறு வருடத்தில் முதல் முறையாக அவருக்கு வாசகர்கள் கிடைத்திருக்கிறார்கள், எழுத்து விடாமல் படிக்கிறவர்கள். எத்தனை பேரை அவர் அப்படித் திருத்திக் கொடுத்தார், போர்வைக்காரியின் பையனையும்தானே... எழுதிவிட்டார், எப்படியோ எழுதிவிட்டார், மனைவி வேண்டாமென்ற சொல்லும் அதில்தான் இருக்கிறது, அது இல்லாமல் வாசகம் நிற்கவில்லை, மா சபேயிடம் நீட்டினார், அவள் பெயரைப் பார்த்தாள், தகப்பன் பெயரைப் பார்த்தாள், மெல்லுவதை நிறுத்தினாள், நிமிரவில்லை.

"நம்பர் எழுதல, சயா."

சொல்கிறேன், அடி. அவருக்கு மனப்பாடம், அட்டை வாங்க அவர்தான் கூட்டிப் போய் வெயிலில் நின்றார், ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார், அவள் அடித்தாள், கடைசி எண்ணில் நாக்கு நின்றது, ஏன் நிற்க வேண்டும், அது நாலு, நாலுக்குப் பதில் ஐந்து, வார்டு அதிகாரி எண்ணையா பார்க்கப் போகிறார், அறிவிப்பு வந்ததா என்று பார்ப்பார், வீடும் நிற்கும், இவளும் சாவடியைத் தாண்டிப் போவாள், ஐந்து, எவ்வளவு சுலபம், இத்தனை நேரம் ஏன் தோன்றவில்லை... ஐந்து யார், அட்டை வாங்கிய அன்றைக்கு வரிசையில் தின்ஸாருக்குப் பின்னால் ஒரு பெண் நின்றாள், புதுச் செருப்பு கடித்ததால் ஒற்றைக் காலில் மாறி மாறி நின்றாள், தின்ஸார் திரும்பித் தன் செருப்பை மாற்றிக் கொடுத்தாள், அவளுக்கும் பெயர் இருந்தது, கேட்கவில்லை. அப்படியானால் ஆறு, ஏழு... ஆறுக்கும் ஏழுக்கும் செருப்பு இல்லையா, பத்து எண்கள்தான் இருக்கின்றன, பத்திலும் யாரோ நிற்கிறார்கள்.

"கடைசி எண், சயா," என்றாள் மா சபே, விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு. "எதுவா இருந்தாலும் சொல்லுங்க. நான் அடிச்சிடறேன்."