ஒரு சஹன், இரண்டு பெருநாள்

அந்த வருடம் நாட்டில் போர்நிறுத்தம். சண்டை பிடித்தவர்களைப் பேசவைக்க நோர்வேயிலிருந்து ஆட்கள் விமானமேறி வந்துபோனார்கள். உக்குவளையில் பதுர்தீன் ஹாஜியார் வீட்டுக்கு மட்டும் யாரும் வரவில்லை.

அங்கே சண்டை பெருநாள் எந்த நாள் என்று காட்டும் பிறை பற்றியது. ஹாஜியாரின் மகன் யஹ்யா சவூதியின் தமாமில் லொறி ஓட்டிவிட்டு, தாடியோடும் கணுக்காலுக்கு மேலே ஏறிய காற்சட்டையோடும், உலகத்துக்கே ஒரு பிறைதான் என்ற செய்தியோடும் திரும்பியிருந்தான். சவூதியில் தெரிந்தால் போதும் என்பான். வாப்பாவுக்கோ நம்முடைய வானத்தில், நம்முடைய கண்ணுக்குத் தெரிய வேண்டும்; அதைக் கொழும்பிலிருந்து ரேடியோவில் சொல்லவும் வேண்டும். இருவரும் ஒரே கடையில் பகல் முழுக்க மிளகையும் கராம்பையும் பற்றிச் சுமுகமாகப் பேசுவார்கள். கடையைப் பூட்டினால் பேச்சும் பூட்டு.

யஹ்யாவின் உம்மா கைறுன்னிஸாவுக்குப் பிறையில் கட்சி கிடையாது. அவளுடைய கவலை சஹன். கல்யாணத்துக்கு வந்த பெரிய தட்டு அது. பெருநாளன்று பாயில் வைத்தால் வீட்டு ஆண்கள் சுற்றியமர்ந்து ஒன்றாகக் கைபோட்டுச் சாப்பிடுவார்கள். போன பெருநாளில் மகன் ஒரு நாளும் வாப்பா மறுநாளும் ஆளுக்கொரு பீங்கானில் தனியாகச் சாப்பிட்டார்கள். சஹன் அலுமாரிக்கு மேலே தூசியோடு கிடந்தது. இப்போது மருமகள் ஹிதாயாவின் வயிற்றில் பிள்ளை. அந்தப் பிள்ளை வந்து பார்க்கும்போதும் சஹன் மேலேயே கிடக்குமோ என்று கைறுன்னிஸாவுக்குப் பயம்.

இந்த வருடமும் அதே கதை. பிறை இல்லை, நோன்பை முப்பதாக நிரப்புங்கள் என்றது ரேடியோ. பிறை இருக்கிறது என்றது தமாமிலிருந்து வந்த டெலிபோன். ஆகவே மறுநாள் வாப்பாவுக்குச் சாப்பிட்டால் பாவம்; மகனுக்குச் சாப்பிடாமல் நோன்பிருந்தால் பாவம். இரண்டு பேரும் அல்லாஹ்வுக்குப் பயந்தவர்கள் என்பதுதான் சிக்கல்.

காலையில் புதுச்சட்டையோடு தொழுகைக்குக் கிளம்பிய யஹ்யாவை உம்மா வாசலில் மறித்தாள்.

“மகன், எங்கயும் தின்னாதீங்க. பெருநாச் சாப்பாடு என்ட கையாலதான். சரியா?”

“சரி உம்மா.”

பகலுக்கு வந்து கேட்டான்.

“உம்மா, சாப்பாடு?”

“இறைச்சி வேகல்ல மகன். கெழட்டு மாடு போல.”

அடுப்பே மூட்டியிருக்கவில்லை. ஹிதாயா அதைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள்.

வீட்டிலிருந்த விசுக்கோத்து டின் விடியுமுன்பே பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தது. நோன்பென்பதால் தெருவில் சாப்பாட்டுக் கடைகளும் பூட்டு. யஹ்யா அடிக்கடி தண்ணீர் வார்த்து, நடுக்கூடத்தில் உட்கார்ந்து, வாப்பாவின் கண்ணெதிரே குடித்தான். தான் நோன்பில்லை என்பதற்கு அவனிடமிருந்த ஒரே சாட்சி அதுதான். ஹாஜியார் குர்ஆனில் பக்கத்தைப் புரட்டினார்.

“இன்னும் வேகல்லயா உம்மா?”

“ஒங்கட வாப்பா மாதிரி மாடு. லேசில மசியாது.”

கூடத்திலிருந்து ஒரு இருமல் கேட்டது.

பின்னேரம் அஸர் தொழுத பிறகுதான் கைறுன்னிஸா புரியாணிக்கு அடுப்பை மூட்டினாள். அப்போது இன்னொரு சிக்கல் வந்தது. உப்புப் பார்க்க வேண்டும். வாயில் வைத்தால் மகன் கட்சி, வைக்காவிட்டால் வாப்பா கட்சி. இருவருமே சமையலறை வாசலுக்கு வந்து வந்து போனார்கள். ஹிதாயாவைப் பார்க்கச் சொல்லலாமென்றால், இறைச்சி வாடைக்கே அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். கைறுன்னிஸா உப்பை மனக்கணக்கில் விட்டுவிட்டாள்.

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு கேட்டது. ஹாஜியார் ஈத்தம்பழத்தைக் கடித்துத் தண்ணீர் குடித்துத் தொழுதார். அவருக்குப் பின்னால் யஹ்யாவும் தொழுதான், தொழுகையில் பிணக்கில்லை. திரும்பிப் பார்த்தால் பாயில் சஹன், ஆவி பறக்க.

ஒரு பக்கம் வாப்பா உட்கார்ந்தார். பசி யஹ்யாவை மறுபக்கம் உட்காரவைத்தது.

“இது நோன்புக்குப் பொறவு தின்ற சாப்பாடு” என்றார் ஹாஜியார், சோற்றைப் பார்த்து.

“இது பெருநாச் சாப்பாடு” என்றான் யஹ்யா, அதே சோற்றைப் பார்த்து.

“ஒன்ட பெருநா பாங்கோட முடிஞ்சிட்டுடா.”

“அப்ப ஒங்கட பெருநா ராவு தொடங்கிட்டு வாப்பா.”

இருவரும் சற்று யோசித்தார்கள். மார்க்கப்படி பொழுது சாய்ந்தால் அடுத்த நாள்; இரண்டும் சரியாகத்தான் இருந்தது.

“இது இறைச்சி” என்றாள் கைறுன்னிஸா. “ஆறிப்போகும். பிஸ்மி சொல்லித் தின்னுங்க.”

இரண்டு கைகள் சஹனில் இறங்கின. ஹாஜியார் ஒரு நல்ல துண்டைப் பிய்த்து, முகத்தைப் பாராமல், மகன் பக்கம் தள்ளிவைத்தார். யஹ்யா அதை எடுத்து வாயில் வைத்தான். வாப்பாவும் ஒரு பிடி வைத்தார். இருவரும் மெல்லுவதை நிறுத்தினார்கள். பல மாதங்களுக்குப் பிறகு வீட்டுக்குள் ஒருவரையொருவர் நேராகப் பார்த்தார்கள்.

“உப்பில்ல” என்றார் வாப்பா.

“கொஞ்சமும் இல்ல” என்றான் மகன்.

“ஒங்கட உம்மா எப்பவும் இப்பிடித்தான்.”

“ஓ வாப்பா.”

ஹிதாயா அவசரமாக உப்புப் போத்தலை எடுத்தாள். சமையலறைக் கதவோரம் நின்ற கைறுன்னிஸா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பொறுங்க மகள். கொஞ்ச நேரம் ஒத்துப்போகட்டும்.”