கருங்காலி வீட்டுப் பிள்ளை

ஐம்பத்தைந்தாம் வருஷம் இலங்கையில் ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருபத்தொரு நாள் ஸ்ட்ரைக் நடந்தது. தொழிலாளர் குடியிருந்த லயத்தில் பாதி வீடுகளில் அடுப்பெரியவில்லை. அப்படியும் ஒருத்தரும் அசையவில்லை, மாயாண்டியைத் தவிர. பிள்ளை பாலில்லாமல் கத்துவதைப் பொறுக்கமாட்டாமல் பன்னிரண்டாம் நாள் அவன் மட்டும் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்றான். அன்றிலிருந்து அவன் கருங்காலி. அவன் வீட்டுக்கு அடுப்பு நெருப்புக்கூட யாரும் கொடுப்பதில்லை.

சவரியாயி வேதக்காரி, கிறிஸ்தவப் பெண். தாய்மார் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும்போது விட்டுப்போகும் கைக்குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் பார்த்துக்கொள்ளும் ஆயா. அவளும் பட்டினி கிடந்தவள்தான். மாயாண்டியின் பெண்சாதி வேலாயி தண்ணீர் பிடிக்க வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பரலோக மந்திரம் சொல்லும்போது, பிறர் குற்றத்தைப் பொறுக்கிற வரி வந்ததும் நின்றுவிட்டாள். எல்லாரும் சொல்லி முடித்தார்கள். அவளால் முடியவில்லை.

மறுநாள் ஸ்ட்ரைக் முடிந்து எல்லாரும் வேலைக்கு இறங்கினார்கள். வேலாயி ஆறு மாதக் குழந்தையோடு காம்பரா வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, புள்ளைய விட்டுட்டுப் போகவா?"

சவரியாயி வாய் திறப்பதற்குள், மகனை விட வந்திருந்த வீரம்மா முந்திக்கொண்டாள். "கருங்காலி புள்ளைய உள்ள விட்டீங்கன்னா எங்க புள்ளைங்கள நாங்க தூக்கிட்டுப் போயிருவோம்."

சவரியாயி கை நீட்டிக் குழந்தையை வாங்கினாள். கனமே இல்லை. உத்தரத்தில் சேலையைக் கட்டித் தொட்டிலில் போட்டாள்.

வீரம்மாவும் மற்ற ஏழு பேரும் சொன்னபடியே பிள்ளைகளை முதுகில் கட்டிக்கொண்டு மலையேறிவிட்டார்கள்.

பத்து மணிக்குத் தூறல் பிடித்தது. சவரியாயிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு கையில் பால் வாளி, இடுப்பில் வேலாயியின் குழந்தை, தலையில் சாக்கு. அப்படியே மலையேறினாள். தேயிலை மரத்தடியில் பிள்ளைகள் நனைந்து கத்திக்கொண்டிருந்தன. வீரம்மா மகன் காலில் அட்டை. அதைப் பிய்த்தெறிந்துவிட்டு, ஒவ்வொன்றாக மடியில் கிடத்திப் பால் புகட்டினாள்.

வீரம்மா கொழுந்துக் கூடையோடு வந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நீங்களும்தானே பட்டினி கெடந்தீங்க? ஒங்களுக்குக் கோவமே இல்லையா?"

"இருக்கு வீரம்மா. மாயாண்டி மேல இன்னும் இருக்கு. இந்தப் புள்ள எந்த ஸ்ட்ரைக்க ஒடைச்சுச்சு?"

"ஒங்க சாமி இப்படித்தான் சொல்லிக் குடுக்குதா?"

"அது சொல்லிக்கிட்டேதான் இருக்கு. எனக்குத்தான் காதுல விழ இத்தன நாளாச்சு."

மறுநாள் காலையில் வீரம்மா மகனைக் கொண்டுவந்து காம்பராவில் விட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். வேலாயியோடு மட்டும் யாரும் பேசவில்லை.

ஒரு வாரம் போயிருக்கும். பால் கொடுக்கிற நேரத்துக்கு வேலாயி பிந்தி ஓடிவந்தாள். அவள் குழந்தை வீரம்மாவின் தோளில் விம்மிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு நேரமாக் கத்துது தெரியுமா? இந்தா, பிடி," என்றாள் வீரம்மா, எரிச்சல்போல.

குழந்தையை வாங்கிய வேலாயி சுவரோரம் உட்கார்ந்து அழுதுவிட்டாள். சவரியாயி எதையும் காணாதவள்போல் பால் வாளியைக் கழுவப் போனாள்.

ஆம்பிளைகள் மாயாண்டியோடு பேசத் தீபாவளி வரை ஆயிற்று.