மூச்சுக் கட்டத்தில் இருபது

நாடி பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, பதினேழாம் கட்டில்காரரின் மார்பு ஏறி இறங்குவதை அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணுகிறார்கள் என்று தெரிந்துவிட்டால் யாரும் இயல்பாக மூச்சு விடுவதில்லை. சீருடையில் தலைகீழாகக் குத்தியிருந்த கடிகாரத்தின் முள் ஒரு முழுச் சுற்று வந்தது. முப்பத்திரண்டு.

அரை மணி நேரத்துக்கு முன்னால் இருபத்தெட்டு. அட்டையின் காலை ஆறு மணிக் கட்டத்தில் யாரோ இருபது என்று எழுதியிருந்தார்கள். வார்டில் நாற்பது கட்டில், நாற்பது அட்டையிலும் மூச்சுக் கட்டத்தில் இருபதுதான். மேசையில் இன்சார்ஜ் சிஸ்டரை விட்டால் ஷிப்டுக்கு ஒரே நர்ஸ். ஆளுக்கு ஒரு நிமிடம் எண்ணினால் நாற்பது நிமிடம் போய்விடும், ஊசி போடுவது யார்? அதனால் கை தானாக இருபது போட்டுவிடும். போன மாதம் ஒன்பதாம் கட்டிலுக்கு இவளும் அப்படித்தான் போட்டாள். அன்று மத்தியானமே அந்த ஆளை வெள்ளைத் துணி போர்த்தி எடுத்துப் போனார்கள். அதற்கப்புறம் நிமோனியா என்றால் முழுதாக எண்ணாமல் விடமாட்டாள். மற்றவர்கள் அவளுக்குக் 'கடிகாரம்' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

பதினேழாம் கட்டில்காரர் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். நிமோனியா, மூன்றாம் நாள். காய்ச்சல் இறங்கிவிட்டது, நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று காலையில் டாக்டர் சொல்லியிருந்தார். மனைவி துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ரொட்டி..." மூச்சு வாங்கினார். "ஒரு..." மறுபடியும் மூச்சு. "துண்டு." பிறகு மனைவியைப் பார்த்து, "ஏணியப் புடி, ஆடுது," என்றார்.

மனைவி சிரித்தாள். "படுத்தாலும் வேலை நெனப்புதான் இந்த மனுஷனுக்கு."

கடிகாரம் அவர் விரலில் ஆக்சிஜன் கருவியை மாட்டிப் பார்த்தாள். காலையில் தெளிவாகப் பேசியவர். டாக்டருக்கு போன் போட்டாள்.

"காய்ச்சல் இல்லையேம்மா. ஆக்சிஜன் எவ்வளவு?"

"மாஸ்க் வச்சும் தொண்ணூத்தொண்ணு டாக்டர். மூச்சு முப்பத்திரண்டு. சம்பந்தமில்லாம வேற பேசறார். ஐ.சி.யூ.வுக்கு மாத்தணும்."

"காலையில பாத்தப்போ அட்டையில ஆறு மணிக்கு இருபதுன்னு இருந்துச்சே?"

"அத யாரும் எண்ணல டாக்டர். சும்மா எழுதினது."

"ஓ.பி.யில கூட்டமா இருக்கு. முடிச்சிட்டு வந்து பாக்கறேன்." இணைப்பு துண்டிக்கப்பட்டது.

மேசைக்கு எதிரே இருந்த இன்சார்ஜ் சிஸ்டர் நிமிர்ந்தார். இருபது வருடம் இந்த வார்டிலேயே தேய்ந்தவர். "என்னடி, எல்லாரையும் சேத்து மாட்டி விடறியா?"

"என்னையும் சேத்துத்தான் மேடம்."

மறுபடி எண்ணினாள். முப்பத்தாறு. மூக்கின் இரு பக்கமும் விரிந்து விரிந்து அடங்கியது, உதடு வெளுத்திருந்தது. கட்டில் சக்கரத்தின் பூட்டைக் காலால் தட்டி விட்டாள்.

"அக்கா, பைய விடுங்க. இந்த சிலிண்டரப் புடிச்சிட்டு கூடவே வாங்க."

"டாக்டர் சொல்லாம நகத்தக் கூடாது, உனக்குத் தெரியும்," என்றார் இன்சார்ஜ் சிஸ்டர்.

"தெரியும். வார்டைக் கொஞ்சம் பாத்துக்கங்க."

இன்சார்ஜ் சிஸ்டர் எழுந்து போய் வார்டுக் கதவின் இரண்டு பக்கத்தையும் திறந்து பிடித்தார்.

ஐ.சி.யூ. வாசலில் காவலாளி டாக்டரின் கடிதம் கேட்டார். கடிகாரம் கட்டிலைக் குறுக்கே நிறுத்திப் பூட்டைப் போட்டாள். "உள்ள இருக்கற டாக்டர் வந்து பாக்கற வரைக்கும் இது நகராது. வேணும்னா நீங்க என்னைத் தாண்டிப் போங்க."

சத்தம் கேட்டு வெளியே வந்த டாக்டர் அந்த மார்பை ஒருமுறைதான் பார்த்தார். "உள்ள கொண்டு வாங்க!" என்று கத்திவிட்டு அவளிடம் எரிந்து விழுந்தார். "இவ்வளவு நேரம் அங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

மத்தியானம் தகவல் வந்தது. மூச்சு விடத் தொண்டையில் குழாய் போட்டிருக்கிறார்கள், பிழைத்துக்கொள்வார். கூடவே நிர்வாகத்தின் கடிதமும் வந்தது. உத்தரவில்லாமல் நோயாளியை நகர்த்தியது ஏன், வார்டை விட்டு இருபத்தைந்து நிமிடம் போனது ஏன், மற்ற முப்பத்தொன்பது பேரின் பத்து மணிக் கட்டங்கள் காலியாக இருப்பது ஏன். அடுத்த மாதம் அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது பதிலைப் பொறுத்தது.

"கட்டத்துல இருபது போட்டுடு," என்றார் இன்சார்ஜ் சிஸ்டர் தாழ்ந்த குரலில். "மத்தத நான் கெஞ்சிக் கூத்தாடிப் பாக்கறேன்."

கடிகாரம் முதல் அட்டையை எடுத்தாள். பத்து மணி, மூச்சுக் கட்டம். 'எண்ண ஆள் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அடுத்த அட்டையிலும் அதையே எழுதினாள். பதினோராவது அட்டைக்கு வந்தபோது இன்சார்ஜ் சிஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"கட்டத்துக்குள்ள அடங்கற மாதிரி எழுது," என்றார். பிறகு மிச்ச அட்டைகளில் பாதியைத் தன் பக்கம் இழுத்து, பேனா மூடியைக் கழற்றினார்.

கடைசி அட்டை முடிவதற்குள் பதினேழாம் இடத்துக்கு வேறொரு கட்டில் வந்துவிட்டது. இருமிக்கொண்டே ஒரு கிழவர், காலடியில் அவருடைய அட்டை. கீழே அவசரப் பிரிவிலேயே நிரப்பி அனுப்பியிருந்தார்கள். மூச்சு: இருபது.

கடிகாரம் அதைக் குறுக்கே அடித்துவிட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.