வேண்டாம் என்று சொல்லும் பொத்தான்

எங்கள் குழுவில் மருந்து கொடுக்கிற வேலை என்னுடையது. வாள் பிடிக்கிறவர்களுக்குத்தான் பெயரும் புகழும். நான் பின்னால் நின்று, யாருக்கு உயிர் குறைகிறது என்று பார்த்துப் பார்த்து ஊற்றிக்கொண்டிருப்பேன். போனில் ஆடுகிற விளையாட்டு அது. ஆளுக்கொரு வேடம், ஆளுக்கொரு பெயர், எல்லோருமாகச் சேர்ந்து வாசல் வாசலாக ஒரு கோட்டையைப் பிடிக்க வேண்டும். ஆங்கிலத்தில் அதற்கு வாய்க்குள் நுழையாத பெயர் ஒன்று இருக்கிறது. நாங்கள் கோட்டை என்போம்.

குழுவுக்குப் பெயர் வைக்கும்போது யாரோ 'வன்னிப் படை' என்றார்கள். படையே வேண்டாம், பார்த்த படைகள் போதும் என்றார் இன்னொருவர். பிரேமிளாதான் 'கூழ்ப்பானை' என்றாள். கூழுக்குள் மீனும் போடலாம், நண்டும் போடலாம், பயிற்றங்காயும் போடலாம், ஒன்றோடொன்று சண்டை பிடிக்காது என்று அவள் விளக்கமும் சொன்னாள். எல்லோருக்கும் பிடித்துவிட்டது.

பிரேமிளா கிளிநொச்சியில் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். அவளுடைய அண்ணன் நிரஞ்சன் ஏதோ ஒரு கந்தோரில் மேசை வேலை. எங்கள் குழுவுக்கு அவன்தான் தலைவன். முல்லைத்தீவில் இரும்புக் கடை வைத்திருக்கிற அஸ்வர் கேடயக்காரர், முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நான் அவரை 'நானா' என்பேன். இன்னும் ஏழெட்டுப் பேர் வருவார்கள், போவார்கள். நான் சுமித்திரா, கிளிநொச்சி டவுனில் ஒரு புடைவைக் கடையில் துணி அளந்து கிழிக்கிறவள். பகல் முழுக்க "இதில வேற நிறம் இருக்கோ" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டு, பின்னேரம் வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால்தான் எனக்கு மூச்சு வரும்.

இரண்டு வருடமாக அப்படித்தான். பிரேமிளாவின் முகத்தை நான் பார்த்ததில்லை, ஆனால் அவள் வீட்டில் அன்றைக்கு என்ன கறி என்பது எனக்குத் தெரியும். தனக்குப் பேசி வந்த ஒரு மாப்பிள்ளையை ஏன் வேண்டாம் என்றாள் என்று தாயிடம் சொல்லாததை எனக்குச் சொன்னாள். என் அம்மா இறந்த கதையை நான் அவளுக்குத்தான் முழுக்கச் சொன்னேன். 'சுமியக்கா' என்று அவள் கூப்பிடுகிறபோது கூடப்பிறந்தவள் ஒருத்தி எனக்கு இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைப்பேன்.

சண்டை நடக்கும்போது அவளுக்கு வாய் ஓயாது.

"அக்கா, இந்த மருந்து கைக்குது. எனக்கு வேண்டாம்."

"நான் தந்தால் நீர் அதைக் குடிக்கத்தான் வேணும். வேண்டாம் எண்டு சொல்ல அதில பொத்தான் இல்லை."

உண்மையாகவே இல்லை. நான் அழுத்தினால் அவளுடைய ஆள் தலையை நிமிர்த்திக் குடிக்கும். அதைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள்.

இவ்வளவு பேசியும் எங்களுக்குள் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது. "நீங்கள் எவடம்?" இந்தப் பக்கத்தில் புது ஆளைக் கண்டால் மனிதர் முதலில் கேட்பது அதைத்தான். ஊர்ப் பெயரைச் சொன்னால் மிச்சம் எல்லாவற்றையும் அவர்களே எழுதிக்கொள்வார்கள். நான் கிளிநொச்சி என்று சொல்லியிருந்தேன். அது பொய்யில்லை. ஆனால் எங்கள் ஊர்ப் பெயர் 'புரம்' என்று முடியும். தேயிலைத் தோட்டங்களில் இருந்து கலவரத்துக்குப் பயந்து வந்தவர்கள் காடு வெட்டிக் குடியிருந்த புரங்கள் இங்கே பல இருக்கின்றன. பெயரின் வாலைக் கேட்டதும் சில முகங்களில் ஒரு சின்ன மாற்றம் வரும். பள்ளிக்கூடத்தில் இருந்தே அதைப் பார்த்துப் பழகியவள் நான். அதனால் எனக்கு இரண்டு வாய். அப்பாவிடம் தோட்டத்துப் பேச்சில் 'வாரேன்' என்பேன், வெளியில் இந்தப் பக்கத்துப் பேச்சில் 'வாறன்' என்பேன்.

போன மாரி மழை முடிந்த கையோடு எனக்குக் கடும் காய்ச்சல் வந்தது. தலை சுற்றலோடு கிணற்றடிக்குப் போனவள், கையிலிருந்த போனைக் கிணற்றுக்குள் போட்டுவிட்டேன். பிறகு பாயும் படுக்கையும்தான். விளையாட்டில் ஆளைக் காணவில்லை, போன் எடுத்தாலும் வேலை செய்யவில்லை. எங்கள் ஊரில் ஒருவர் திடீரென்று தொடர்பில்லாமல் போனால் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள், அவ்வளவு பட்டுவிட்டோம். அண்ணனும் தங்கையும் நான் சொன்ன கடையைத் தேடிப் பிடித்து, வீட்டுக்கு வழி கேட்டு, பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா நாள் பகல் மோட்டார் சைக்கிளில் வந்து படலையில் நின்றார்கள்.

"சுமியக்கா வீடு இதுவோ?"

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குக் காய்ச்சல் பாதி போய்விட்டது. எழுந்து ஓடினேன். பிரேமிளா என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அது நடிப்பில்லை, இன்றைக்கும் சொல்வேன். நிரஞ்சன் கையில் திராட்சைப் பழமும் ஒரு பால்மாப் பெட்டியும் இருந்தன.

அப்போதுதான் அப்பா உள்ளே இருந்து வந்தார். வெளியாட்களோடு பேச என்னைப்போல அவருக்கு இரண்டாவது வாய் கிடையாது.

"வாங்க தம்பி, வாங்க பாப்பா. வெயில்ல வந்திருக்கீங்க, உள்ள வந்து ஒக்காருங்க. புள்ளைக்கு ரொம்ப முடியாம போச்சுங்க."

நிரஞ்சன் அப்பாவைப் பார்த்தான். பிறகு தங்கையைப் பார்த்தான். பிறகு சுவரில் மாட்டியிருந்த, தேயிலைக் கொழுந்துக் கூடையோடு நிற்கும் என் அப்பாயியின் படத்தைப் பார்த்தான். எனக்கு அந்தச் சின்ன மாற்றம் தெரிந்தது. தெரியவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அப்பா தேத்தண்ணி ஊற்றுவதில் கெட்டிக்காரர். அதில் மட்டும் யாரையும் விடமாட்டார், நான் ஊற்றினால் கழுநீர் என்பார். இஞ்சி தட்டிப்போட்டு, நல்ல சாயமாக, எங்கள் வீட்டில் இருந்த இரண்டு பூப்போட்ட கிளாசில் கொண்டுவந்து வைத்தார்.

"ஒரு வாய் குடிங்க."

"இல்லை ஐயா, இப்பதான் குடிச்சிட்டு வந்தனாங்கள்," என்றான் நிரஞ்சன்.

"உமக்கெண்டாலும் ஒரு வாய்," என்றேன் பிரேமிளாவிடம்.

"இப்பதான் அக்கா குடிச்சனான்."

கிளாசுக்கு மேலே ஆவி போய்க்கொண்டிருந்தது. கதிரையின் நுனியில் இருந்தபடி, மருந்து ஒழுங்காகக் குடிக்கிறேனா என்று கேட்டார்கள், மழையைப் பற்றிக் கதைத்தார்கள். "போயிட்டு வாறம்" என்று எழுந்தார்கள். அவர்கள் போன பிறகு அப்பா அதே கதிரையில் உட்கார்ந்தார். ஆறிப்போன தேத்தண்ணியில் ஒரு கிளாசைக் குடித்தார். கொஞ்சம் பொறுத்து மற்றதையும் எடுத்துக் குடித்தார்.

"வீணாக்கக் கூடாதில்ல," என்றார்.

மறுநாள் சந்திக் கடை மீனம்மாக்கா என்னைப் பார்க்க வந்தவள், "ஒன் சிநேகிதி நல்ல அழகும்மா. இங்க வந்துட்டுப் போறப்ப நம்ம கடையில நின்னு சோடா ஒடைச்சுக் குடிச்சாங்க, ரெண்டு பேரும்," என்று சொன்னாள். அவளுக்கு வியாபாரம் நடந்த சந்தோசம். வெயில்தானே, சோடா யாருக்குத்தான் பிடிக்காது என்று நான் எனக்குள் வழக்காடினேன். நான் ஒரு சந்தேகப் பிராணி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

போனைத் திருத்தி எடுத்துக்கொண்டு விளையாட்டுக்குப் போனேன். எல்லோரும் வாழ்த்துச் சொன்னார்கள், பிரேமிளா பூ எல்லாம் தூவினாள். ஆனால் அவள் முன்போலப் பின்னேரம் வருவது குறைந்தது. முன்பள்ளியில் கலைவிழா என்றாள். பிறகு போன் பார்த்தால் கண் நோகுது என்றாள். நிரஞ்சன், "கந்தோரில வேலை கூடிப்போச்சு, நேரமில்லை" என்று எழுதினான். நோன்பு தொடங்கியதும் அஸ்வர் பெருநாளுக்குப் பிறகு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். தலைவன் இல்லாத குழுவில் மற்றவர்களும் தங்கவில்லை. எல்லாம் நியாயமான காரணங்கள். விளையாட்டை விட்டுப் போகிறவர்களை யார் பிடித்து வைக்கலாம்? புதிதாக வந்த மாற்றத்தால் கோட்டை சலித்துப் போச்சு என்று ஊர் உலகமெல்லாம் சொன்னது. நானும் அதையே சொல்லிக்கொண்டு, ஒருவரும் இல்லாத வாசலில் மருந்துப் பையோடு நின்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் போனேன்.

பெருநாள் முடிந்த பிறகு ஒரு நாள் அஸ்வர் விளையாட்டில் என்னைக் கண்டு பேசினார்.

"என்ன தங்கச்சி, நீங்க இன்னும் இங்கயா? விளையாட்ட விட்டிட்டீங்க எண்டெல்லோ நிரஞ்சன் தம்பி சொன்னாரு."

"நான் எங்கை விட்டனான்?"

"அப்ப ஏன் புதுக் குழுவுக்கு வாறல்ல? எல்லாரும் அங்கதானே. 'புதுப்பானை' எண்டு பேரு."

அப்படி ஒரு குழு இருப்பதே எனக்குத் தெரியாது என்றேன். அவர் வியாபாரி, விசயம் பிடிபட நேரம் எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்தார்களா என்று கேட்டார். ஓம் என்றேன். எந்த ஊர் என்று அவர் கேட்கவில்லை, நானே சொன்னேன்.

"எங்களையும் கேக்கிறவங்கதான்," என்றார் அஸ்வர். "தொண்ணூறில முஸ்லிம் ஆக்கள இங்கருந்து வெளியேத்தினப்ப புத்தளம் போனம், திரும்பி வந்து கடை போட்ட நாள் தொட்டு, நீ புத்தளத்தானா முல்லைத்தீவானா எண்டு. நான் வேணுமெண்டா நிரஞ்சனிட்ட கேக்கட்டா?"

"வேண்டாம் நானா."

"அப்ப எனக்கும் அங்க வேலையில்ல," என்றார். அதற்குப் பிறகு அவர் அங்கே போகவில்லை.

எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வருகிற அழுகை, அதை அடக்கவும் முடியாது, யாரிடமும் காட்டவும் முடியாது. என்னைப் பிடிக்கவில்லை என்றால் சொல்லியிருக்கலாம். நான் விட்டுவிட்டேன் என்று ஏன் சொல்ல வேண்டும்?

மானமுள்ளவள் அத்தோடு விட்டிருப்பாள். நான் புதிதாக ஒரு ஆளை உருவாக்கினேன். 'ஈச்சம்பழம்' என்று பெயர் வைத்து, வாரக்கணக்கில் தனியே பாடுபட்டு வளர்த்து, புதுப்பானையில் இடம் கேட்டேன். மருந்து கொடுக்க எந்தக் குழுவிலும் ஆள் கிடைக்காது, உடனே சேர்த்துக்கொண்டார்கள். மைக் பழுது என்று சொல்லி எழுத்தில் மட்டும் பேசினேன். எதற்குப் போனேன் என்று கேட்டால், பிரேமிளாவைப் பார்க்கத்தான். நான் இல்லாத இடத்தில் அவள் கொஞ்சமாவது கவலையாக இருப்பாள் என்று நினைத்தேன். அவள் பழையபடி சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"நல்லாக் குடுக்கிறீங்கள்," என்று எழுதினாள். "முந்தி எங்களிட்டை ஒரு அக்கா இருந்தவா. அவாவை மாதிரியே."

"இப்ப எங்கை அவா?"

"விட்டிட்டா."

கடை பூட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு, கடைசி வாசலுக்குப் போவதாக முடிவாயிற்று. எல்லோரும் வரிசையில் நின்றோம். வாசல் திறக்குமுன் நிரஞ்சன் எனக்கு எழுதினான்.

"நீங்கள் எவடம்?"

பிரேமிளா உடனே சேர்த்து எழுதினாள். "குறை நினையாதேங்கோ. இந்தக் குழுவில எல்லாரிட்டையும் கேக்கிறனாங்கள்."

கூழ்ப்பானையில் இரண்டு வருடம் கேட்காத கேள்வி. என்னைப் பார்த்துவிட்டு வந்துதான் அதைச் சேர்த்திருக்கிறார்கள். நான் 'கிளிநொச்சி' என்று எழுதினேன்.

"கிளிநொச்சியில எவடம்?"

அதற்குள் வாசல் திறந்துவிட்டது. உள்ளே இருந்து வந்தவை முதல் அடியிலேயே இரண்டு பேரைச் சாய்த்தன. நிரஞ்சனுக்கு உயிர் இறங்கிக்கொண்டு போனது, நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் விழுந்தான். அடுத்தது பிரேமிளா. அவளுடைய கோடு சிவந்து, ஒரு நூல் அளவு மிச்சம் இருந்தது.

"மருந்து."

"ஈச்சம்பழம் மருந்து தாங்கோ."

என் விரல் பொத்தானுக்கு மேலே நின்றது. அதை விட்டுவிட்டு எழுதினேன்.

"ஏன், இப்பதானே குடிச்சனீங்கள்."

அவளுடைய ஆள் வாளையும் வீசாமல் நட்டநடுவில் அப்படியே நின்றது.

"சுமியக்கா?"

அவளை விழவிடத்தான் நினைத்தேன். ஆனால் இரண்டு வருடம் அந்தக் கோடு சிவந்தவுடன் அழுத்திப் பழகிய விரல். கொடுத்துவிட்டேன். அவளுடைய ஆள் தலையை நிமிர்த்தி, மிச்சம் வைக்காமல் குடித்தது. வேண்டாம் என்று சொல்லும் பொத்தானை அந்த விளையாட்டில் இன்னும் வைக்கவில்லை.

வாசலை எப்படியோ பிடித்துவிட்டோம். மற்றவர்கள் ஆரவாரம் செய்துகொண்டிருக்க, பிரேமிளா எனக்குத் தனியாக எழுதினாள். எழுதுகிறாள், அழிக்கிறாள், திரும்ப எழுதுகிறாள் என்பது தெரிந்தது. கடைசியில் வந்தது ஒரு வரி.

"அண்டைக்கு எனக்கு உண்மையாவே தாகமில்லை அக்கா."

சந்திக் கடைச் சோடாவை நான் சொல்லிக்காட்டவில்லை. 'ஓம்' என்று மட்டும் எழுதிவிட்டு, வெளியேறும் இடத்தை அழுத்தினேன்.

போகிறவர்களிடம் அந்த விளையாட்டு ஒரு கேள்வி கேட்கும், ஏன் போகிறீர்கள் என்று. விடைகளையும் அதுவே கீழே எழுதி வைத்திருக்கும். சலித்துவிட்டது. வேறு விளையாட்டுக்குப் போகிறேன். நேரமில்லை. ஒவ்வொன்றாக வாசித்துக் கீழே வரைக்கும் போய்ப் பார்த்தேன். பிறகு நானும் 'நேரமில்லை' என்பதை அழுத்தினேன்.