ஒரே பேன், மூன்று பயிர்

மெலிஸ் செய்த காரியத்தால் பிஷ்கெக், அல்மாத்தி, தாஷ்கெண்ட் ஆகிய மூன்று ஊர் ஆய்விதழ் ஆசிரியர்களும் ஒரே காலையில் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

பயிர்ச்சாறு உறிஞ்சும் சிலந்திப்பேனைத் தான் எடுத்த படத்தை, ஆய்வகத்தில் கூட வேலை பார்க்கும் நுர்தின் திருடிவிட்டான் என்று மூன்று இதழ்களுக்கும் மூன்று பேரில் புகார் அனுப்பியிருந்தார். ஒன்று மாமனார் பேரில், ஒன்று முடிவெட்டுகிறவர் பேரில், மூன்றாவது, கற்பனை வற்றிப்போய், வீட்டுப் பூனை மூர்கா பேரில். தன் பேரில் சொன்னால் பொறாமை என்பார்கள் என்று பயம். வாசகத்தை மாற்றத்தான் சோம்பல். புகார்களை ஆசிரியர்கள் கூடிப் பார்த்தபோது மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. திருட்டைப் பற்றிய புகாரே திருட்டு.

பிஷ்கெக் இதழின் ஆசிரியர் கனிஷாய் போனில் கூப்பிட்டாள்.

"மெலிஸ் அண்ணே, முனைவர் மூர்கா இருக்காங்களா?"

"தூங்குது."

"பாவம், ஆராய்ச்சி பண்ணிக் களைச்சிருக்கும். எங்க எல்லாரையும் என்ன முட்டாள்னு நெனச்சீங்களா?"

"நான்தான்னு எப்படித் தெரிஞ்சுது?"

"நுர்தினைக் கழுதைன்னு திட்டுற பூனை வேற யார் வீட்ல இருக்கு?"

அப்புறம் அவள் குரல் இறங்கியது. புகார் செய்தவனைப் பிடிக்கத்தான் மூன்று இதழிலும் வந்த நுர்தினின் கட்டுரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்களாம். தாஷ்கெண்டில் பருத்திப் பேன், அல்மாத்தியில் ஆப்பிள் பேன், இங்கே அவரைப் பேன். மூன்றும் ஒரே சிவப்புச் சிலந்திப்பேன், அதே ஒடிந்த கால். ஒன்றைத் திருப்பிப் போட்டு, ஒன்றுக்குச் சாயம் ஏற்றியிருந்தான். தனித்தனியாகப் பார்த்தவரை யார் கண்ணிலும் படவில்லை.

"இனிமே மூணு பேரும் ஒண்ணாவே விசாரிக்கிறோம். பூனை சாட்சி செல்லாது. உங்க பேர்ல எழுதுங்க, மூலப் படத்தையும் அனுப்புங்க."

அன்றே அனுப்பினார். அந்த மூன்று கட்டுரைகளை வைத்துத்தான் நுர்தின் ஆய்வகத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தான். மெலிஸ் உட்கார வேண்டிய நாற்காலி அது. அவன் அதிலிருந்து தரையில் விழும் சத்தம் கேட்டால் போதும், அப்புறம் பல்வலி வந்தாலும் பரவாயில்லை என்று இருந்தார். ஏன் எடுத்தாய் என்று கேட்கும்போதெல்லாம், "டீ ஆறிடும், குடிங்கண்ணே" என்பதே அவன் பதிலாக இருந்தது.

மறுவாரம் நுர்தினே ஒரு பை ஆப்பிளோடு வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணே, அந்தப் பேன் படத்தோட மூலம் உங்ககிட்ட இருக்குமே. எவனோ புகார் குடுத்திருக்கான். மூணு பேரும் சேர்ந்துக்கிட்டு மூலத்தைக் கேக்குறாங்க."

மெலிஸ் ஓர் ஆப்பிளை எடுத்துச் சட்டையில் துடைத்துக் கடித்தார். இவ்வளவு இனிப்பாக அவர் எதையும் தின்றதில்லை.

"குடுத்துட்டேனே."

"யாருக்கு?"

"அவங்களுக்குத்தான். எம் பேரு போட்டு. அந்த எவனோ நான்தான்டா."

நுர்தின் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான். மெலிஸ் பாதி ஆப்பிளை மேசையில் வைத்துவிட்டார். ஆனாலும் விடவில்லை.

"இப்பவாவது சொல்லு. ஏன் எடுத்தே?"

"நானும் ரெண்டு வருஷம் படம் எடுத்துப் பாத்தேண்ணே. ஒண்ணுலயும் பேன் ஒழுங்கா விழல. உங்களுது அழகா இருந்துச்சு."